தோட்டாக் கூடும் மருந்துக் கரண்டியும்

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

1991இல் மணிமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த தொழிற்சாலைக் காவலாளி அவர். ஒல்லியான உடம்பு, கசங்காத காக்கிச் சட்டை. அந்தத் தொழிற்சாலையில் துப்பாக்கி சுடும் பழக்கமுள்ள என்ஜினியர் ஒருவர், சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் கொடுத்து அனுப்புவார். வாசலில் உட்கார்ந்து சிரிஞ்சால் தண்ணீர் நிரப்பி, எது எவ்வளவு கொள்கிறது என்று இவர் எழுதிவைப்பார். என்ஜினியர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, கூட்டில் எவ்வளவு வெடிமருந்து கொள்ளும் என்று கணக்குப் பார்ப்பாராம். என் குழந்தை ஒரு கூட்டை எடுத்து வாயில் வைத்த நாளிலிருந்து எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சமையக்கட்டு ஸ்பூன்லயா குடுக்கற? படிச்ச பொண்ணுதானே நீ?"

"டாக்டர் ஒரு ஸ்பூன்னுதான் சொன்னாரு. உங்க தோட்டா வேலையை அந்தப் பக்கம் வெச்சுக்குங்க."

"இந்தக் கூடெல்லாம் பாக்கறதுக்கு ஒரே மாரிதான் கீது. தண்ணி ஊத்திப் பாத்தா ஒவ்வொண்ணும் ஒரு அளவு புடிக்குது. ஸ்பூனும் அப்டித்தாம்மா."

பிரிக்காத புது சிரிஞ்சு ஒன்றைப் படியில் வைத்தார். நான் கதவை அறைந்து சாத்தினேன். பிறகு, யாரும் பார்க்காதபோது, அதை எடுத்து அளந்தேன். புட்டியில் எழுதியிருந்தது ஐந்து மில்லி. என் கரண்டி எட்டு மில்லி பிடித்தது. மூன்று நாளாக அதில்தான் கொடுத்துவந்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வீடு காலி செய்து போகும்வரை நான் வாய் திறக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.