தெரிந்தே பெற்ற பிள்ளை

எனக்கு நாற்பது வயது முடிந்திருந்தது. தென்காசியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. எத்தனையோ டாக்டர்கள் என்னைச் சோதித்துவிட்டார்கள். என் கணவரைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாதான், "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். இவருக்கு உயிரணு மிகக் குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆடியில் இவருடைய அக்கா குடும்பத்தோடு குற்றாலம் போனோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா பேச்சை எடுத்தாள்.

"வயசு போய்க்கிட்டே இருக்குலே. எலத்தூர்ல ஒரு பிள்ள இருக்கு, கெட்டிக்கோ. இவளும் கூடவே இருக்கட்டும். யாரு வேண்டாங்குதா?"

இவர் குரலை உயர்த்தவில்லை. "டாக்டர் பாத்தாச்சுக்கா. கொற எங்கிட்டதான். இன்னும் நாலு கல்யாணம் பண்ணாலும் இதே கததான்."

அக்கா குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவள் கணவர் கை கழுவ எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. நல்ல பசி வந்தது. இன்னொரு தடவை புளியோதரை போட்டுச் சாப்பிட்டேன்.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். முகம் தெரியாத ஒருவர் கொடுக்கும் விந்தை என் கருப்பையில் செலுத்தலாம். இந்த வயதில் ரத்தக்கொதிப்பு வரலாம், சர்க்கரை வரலாம், பிள்ளை மூளை வளர்ச்சி குறைந்தும் பிறக்கலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில், "சில பேர் வீட்டுக்காரரோடதையும் சேத்துக் கலந்து வைக்கச் சொல்லுவாங்க. யாரு பிள்ளைன்னு நிச்சயமாத் தெரியாது. மனசுக்கு ஒரு ஆறுதல்" என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இது தப்பில்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் இவரிடம், "கலந்தே வைக்கச் சொல்லுவமா?" என்றேன்.

"வேண்டாம். சந்தேகத்தோட பிள்ள வளக்க என்னால முடியாது. எம்பிள்ளதான்னு முடிவு பண்ணிட்டேன். பெறகு கலப்பு எதுக்கு?"

"டாக்டரம்மா சொன்ன மாதிரி கொறையோட பிறந்துட்டா?"

"அப்பவும் நம்ம பிள்ளதான. வெவரம் தெரியுத வயசு வந்ததும் நாமளே அதுகிட்டச் சொல்லிருவோம்."

முதல் இரண்டு முயற்சியும் பலிக்கவில்லை. மூன்றாவது தங்கியது. ஏழாம் மாதம் ரத்தக்கொதிப்பு ஏறி, பாளையங்கோட்டையிலேயே படுக்கையில் கிடந்தேன். ஒன்பதாம் மாதம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒரு குறையும் இல்லை. அழுத அழுகையில் நர்ஸே சிரித்துவிட்டாள்.

செய்தி கேட்டு அக்கா முதல் பஸ்ஸில் வந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். எப்படி என்று கேட்கவில்லை. "இவளுக்கு நாந்தான் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுவேன், ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

இவர் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வார்டில் கட்டில் கட்டிலாகப் போனார். "எம்மவ, பாருங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் காட்டினார். தையல் வலிக்க வலிக்க நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.