கௌரியம்மாள் பிள்ளைக்கு அனுப்பிய படம்

பள்ளிப்பட்டு நெசவுக்கார முனியனுக்கு மூத்த மகள் கௌரியம்மாள். திருத்தணியில் வேடியப்பனுக்கு வாக்கப்பட்டுப் பெற்றது ஒரே பிள்ளை, தணிகாசலம். யுத்தத்தில் அவன் பர்மா எல்லைக்குப் போனதும், பிள்ளை உசுருக்கு வேண்டிக்கினு புருஷனும் பெண்டாட்டியுமாக மலையேறி முடி இறக்கிவிட்டு வந்தார்கள்.

அந்த வாரமே, லீவில் வந்த அவன் கூட்டாளி கிருஷ்ணன் ஒரு சேதி சொன்னான். தணிகாசலத்துக்கு வீட்டு ஏக்கமாம். அம்மா, நைனா, அடுப்பங்கரை எல்லாம் தெரிகிறாப்போல ஒரு போட்டோ வேணுமாம். கிருஷ்ணனுக்கு வெள்ளிக்கிழமை ரயில். அதற்குள் முடி எங்கே முளைக்கும்?

போட்டோ பிடிக்கிற யோபு முக்காலியும் கறுப்புத் துணியுமாக வந்து, உள்ளே வெளிச்சம் போதாது என்றார். கௌரியம்மாள் அடுப்பங்கரையையே வாசலுக்குத் தூக்கிவந்தாள். முறம், சோற்றுப்பானை, ஊறுகாய் ஜாடி; உறியை முருங்கைக் கிளையில் மாட்டினாள். வேடியப்பன் மட்டும் வெளியே வரவில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையுமாம். அவர் பெரியப்பா அப்படித்தான் போனாராம். பெரியப்பா அப்போதே தொண்டு கிழம் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கௌரியம்மாள் தலையைத் தடவிப் பார்த்தாள். தான் மட்டும் மொட்டைத் தலையோடு நின்றால், நைனா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பிள்ளை அங்கேயே அழுவானே. கிருஷ்ணன் வாயால் சொன்னாலும் நம்பமாட்டான். பட்டாளத்துப் பிள்ளைக்குச் சாவை மறைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். தாலியை இழுத்து வெளியே விட்டுப் பார்த்தாள்.

"தாலி கடுகாட்டம்தான் தெரியும்மா. மொட்டைதான் பளிச்சுனு விழும்" என்றார் யோபு.

அப்படியானால் புருஷன் இருக்கிற அடையாளமாவது வேண்டுமே. பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் சட்டையை மாட்டினாள். மேலே தலைப்பாகை, கீழே செருப்பு. முன்னால் அவர் வெற்றிலைப் பெட்டியும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

கதவிடுக்கில் பார்த்துக்கினு இருந்த வேடியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாமே, உசுரோட இருக்கிறவனுக்குப் படையலா போடறே?" என்று விரலை நீட்டிக்கினு பாய்ந்தார். யோபு அப்போதுதான் கேமரா மூடியைத் திறந்து மூடினார்.

படம் கழுவி வந்தது. கௌரியம்மாள் கம்பமாக நிற்கிறாள். பக்கத்தில் இன்னொரு மொட்டை, வாய் பிளந்து, விரல் நீட்டி, ஒரு கால் சோற்றுப்பானைக்குள். யோபு கூச்சப்பட்டு, சும்மாவே இன்னொன்று பிடித்துத் தருவதாகச் சொன்னார். போன ஆயுசு போதும் என்றார் வேடியப்பன்.

கௌரியம்மாள் படத்தை முந்தானையில் துடைத்து வாங்கிக்கொண்டாள்.

"இதையே குடுத்தனுப்பலாம்ங்க. அவன் நைனா திட்டுற மூஞ்சியைப் பார்த்தாத்தான் எம்புள்ள நிம்மதியாத் தூங்குவான்."