இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு பாதைக்காரர்

மண்டூர்த் துறையில் முப்பத்தொரு வருடம் பாதை ஓட்டியவர் சாமித்தம்பி. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். ஒவ்வொரு பயணத்தையும் நேரம், காற்று, ஏறியவர்கள் என்று கொப்பியில் எழுதி வைப்பார். சண்டைக் காலத்திலும் ஒருவரையும் ஏற்ற மறுத்ததில்லை.

போன வருடம் ஆசிரியர் விஜிதரன் ஒரு புத்தகத்தோடு வந்தார். காலமான அலன் கெர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் எழுதிய தன்வரலாறு. ஏடனில் படை அதிகாரி, பிறகு இரண்டு நாடுகளில் தூதுவர், பதினொரு வருடம் பாராளுமன்ற உறுப்பினர், கடைசியில் எழுத்தாளர். சமாதான காலத்தில் மண்டூருக்கும் வந்திருந்தார். விஜிதரன் அதைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார்: "சாமித்தம்பி என்ற பாதைக்காரர் பயந்துபோய் என்னை ஏற்ற மறுத்தார்."

சாமித்தம்பி உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தார்.

"2003 ஆகஸ்ட் 12, செவ்வாய். 10.20: பிரேதம் வருகிறது. வெள்ளைக்காரர் காத்திருந்தார். 11.15: அவரை ஏற்றினேன்."

பிரேதம் துறைக்கு வருகிறது என்றால் அதைத்தான் முதலில் அக்கரை சேர்ப்பார்கள். அதுவரை வேறு யாரும் ஏறுவதில்லை. சாமித்தம்பிக்கு இங்கிலீசு வராது. இப்போது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, பிரேதம் வந்த பக்கம் கைகட்டித் தலை குனிந்து நின்றிருக்கிறார். அதைத்தான் அந்த மனிதர் பயம் என்று எழுதிவிட்டார்.

"இதை மாத்துங்க சேர். வாசிக்கப்போறது நான் ஏத்தின சனம்."

"மாத்தேலா ஐயா. செத்த மனிசன்ட எழுத்து. அடிக்குறிப்பு போடலாம்."

"அப்ப கொப்பில உள்ளத அப்பிடியே போடுங்க."

"ஓம், பாப்பம்."

பதிப்பகத்துக்கும் சாமித்தம்பி மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த மார்ச்சில் தமிழ்ப் புத்தகம் வந்தது. 214ஆம் பக்கத்தில் அடிக்குறிப்பு மூன்றே சொல்: "பாதைக்காரர் இதை மறுக்கிறார்."

"நான் எங்க மறுத்த? எழுதியல்லோ வச்சிரிக்கன்" என்றார் சாமித்தம்பி. கேட்க விஜிதரன் பக்கத்தில் இல்லை.

கொப்பியின் அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனார். 214ஆம் பக்கத்தில் அதை ஒட்டித் தரும்படி நூலகர் கேதீஸ்வரியிடம் கேட்டார்.

"புத்தகத்தில ஒண்டும் ஒட்டப்படாது ஐயா. அரசாங்கச் சாமான்."

"அப்ப என்ட கொப்பிய வச்சிரிங்க புள்ள. ஆரும் கேட்டாக் காட்டலாம்."

"அச்சடிச்சதத்தான் எடுப்பம். கைஎழுத்துக்கு நம்பர் போடேலா."

சாமித்தம்பி வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, கொப்பியின் புதுப் பக்கத்தில் எழுதினார்: "வெள்ளி. 10.40. காற்று இல்லை. நூலகம். எடுக்கவில்லை."