ஆறாம் கட்டத்தில் ஒரு தார்ப்பாய்

பதவியில் இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய இக்குறிப்பை ஓய்வுபெற்ற பின் எழுதுகிறேன். எழுதாவிடின், ‘தகுதியுடைய உள்ளூர் வல்லுநர் எவரும் கிடைக்கவில்லை’ என்று கோப்பில் நானே இட்ட வரி உண்மையென நிலைத்துவிடும். அது உண்மையன்று. ஒருவர் கிடைத்தார். அவர் நிரப்பித் தந்த படிவத்தின் நகல் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் ஆறாம் கட்டத்தில் நீல மையில் இவ்வாறு எழுதியிருக்கிறது: ‘தார்ப்பாய் ஒன்று. அதில் உலரும் மிளகை நானும் உண்கிறேன்.’

புதிய களைக்கொல்லி ஒன்று விற்பனைக்கு வருமுன், அதனால் தீங்கில்லை என்னும் மதிப்பீட்டை அதனை ஆக்கிய நிறுவனமே அளிக்கும். அதனைச் சார்பற்ற அறிஞர்கள் சரிபார்க்க வேண்டும். அவர்களைத் தேடிப் பிடிப்பது அச்சரிபார்ப்புக் குழுவின் செயலராகிய என் பணி. அப்பணியில் நான் பட்ட பாட்டை எவரிடம் சொல்வது? துறை அறிந்தவர் அந்நிறுவனத்தின் நிதி நல்கையில் ஆய்வு செய்தவராக இருப்பார். நல்கை பெறாதவர் துறை அறியாதவராக இருப்பார். இரண்டிலும் தேறிய ஒருவர், விமானத்தில் சன்னலோர இருக்கை உறுதிப்பட்டால் பார்க்கலாம் என்று மறுமொழி அனுப்பினார். இன்னொருவர் இசைந்துவிட்டுத் தம் மாணவரை அனுப்பிவைத்தார்.

இந்நிலையில்தான் நச்சியல் பேராசிரியை ஒருவர் ஓய்வுபெற்று, கொல்லிமலை அரியூர் நாட்டில் தம் தம்பி வீட்டோடு இருப்பதாக அறிந்தேன். அம்மலையிலேயே பிறந்தவர். எந்த நிறுவனத்தின் வாசலையும் மிதியாதவர். சேந்தமங்கலத்தில் பேருந்து ஏறி, வளைவுகளில் தலை சுற்றி, மதிப்பீட்டுத் தாள்களை அவரிடம் சேர்த்தேன். மறுவாரம் மீண்டும் சென்றபோது, தேநீர் அருந்தி முடிக்கவும் விடாமல் என்னை மரவள்ளிக் காட்டுக்கு அழைத்துப் போனார். சரிவில் தமக்குக் கீழே, இரண்டு வரிசை தள்ளி என்னை நிறுத்தினார்.

“நான் இங்க மருந்தடிக்கிறேன்னு வெச்சுக்குங்க. என் முழங்காலு உங்களுக்கு எங்கீங்க இருக்குது?”

என் கண்ணுக்கு நேரே இருந்தது. தெளிப்பின் துளி முழங்காலுக்கு மேல் எழாது, ஆகவே கண்ணுக்குக் கேடில்லை என்பதே அம்மதிப்பீட்டின் ஆணிவேர். எழுதியவர் சமநிலத்தை மட்டுமே கண்டவர். அவ்வூரிலோ கணவன் மேலே தெளிக்க, மனைவி கீழ் வரிசையில் குனிந்து வேலை செய்வாள். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் அப்படி உழைப்பவர்களே. இக்கேள்வி குழுவின் கோப்பில் ஏறினால் போதும், மதிப்பீடு திரும்பிப் போயிருக்கும்.

வீடு திரும்பியதும் சார்பின்மைப் படிவத்தை நீட்டினேன். நிறுவனத்திடமிருந்து தாமோ குடும்பத்தாரோ ஏதேனும் பெற்றதுண்டா என்பது ஆறாம் கட்டம். அவர் பேனாவை நிறுத்தி, வீட்டு முன் களத்தைத் திரும்பிப் பார்த்தார். விளக்கக் கூட்டம் ஒன்றில் அந்நிறுவனத்தார் தம்பிக்கு இலவசமாகக் கொடுத்த தார்ப்பாயில் மிளகு உலர்ந்துகொண்டிருந்தது. இதெல்லாம் ஒரு சார்பா என்று மன்றாடினேன். அருகில் நின்ற தம்பி சிரித்தார்.

“பேரு போட்ட பக்கத்தை அடியில திருப்பிட்டாப் போச்சுக்கா.”

“எப்படித் திருப்புனாலும் அவிங்க குடுத்ததுதான சாமி,” என்றவர் என்னைப் பார்த்தார். “இந்தக் கட்டத்துல பொய் எழுதிப்போட்டு, முழங்காலைப் பத்தி நான் எழுதறதை எப்படீங்க நம்பச் சொல்றது?”

எழுதியே விட்டார். எரிச்சலோடு பேருந்து ஏறினேன். நான் புறப்படும்போது தம்பி மனைவி அத்தார்ப்பாயிலிருந்து இரு கைப்பிடி மிளகை அள்ளி என் பையில் போட்டார்.

குழுத் தலைவர் ஆறாம் கட்டத்தைப் படித்தார். பெற்றது பெற்றதே என்று பேராசிரியையின் பெயரை அடித்தார். அம்முழங்கால் கேள்வியையாவது பதியலாமே என்றேன். நீக்கப்பட்டவரின் கருத்துக்குக் கோப்பில் இடமில்லை என்றனர் குழுவினர். உள்ளூர் வல்லுநர் எவரும் கிடைக்கவில்லை என்று கோப்பில் எழுதினேன். அவருக்கு மாற்றாக வந்தவர் எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்று அழகாக எழுதியிருந்தார். மேசைக்கடியில் அவர் வைத்திருந்த தோல்பையில் அந்நிறுவனத்தின் சின்னம் பொறித்திருந்தது. ஒரே பிற்பகலில் மதிப்பீடு தேறியது.

சென்ற திங்கள் மலைக்குச் சென்றேன். சேந்தமங்கலத்துக் கடையில் அக்களைக்கொல்லியின் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. மேலொட்டிய படத்தில் ஒருவன் சமநிலத்தில் நின்று தெளிக்கிறான். அரியூர் நாட்டுச் சரிவில் தம்பி தெளித்துக்கொண்டிருந்தார். கீழ் வரிசையில் அவர் மனைவி, நாத்தனாரின் கண்டிப்பால் முகத்தில் துண்டு கட்டி, கண்கள் மட்டும் தெரியக் குனிந்திருந்தார். அக்கண்கள் சிவந்திருந்தன. களத்தில் அதே தார்ப்பாய். வெயிலில் நிறுவனத்தின் பெயர் வெளுத்துவிட்டது.

இக்குறிப்பில் பிழை காண்போர் தயங்காது திருத்துக. முதல் திருத்தம் என்னுடையது. செயலரும் ஆண்டுதோறும் அதே படிவத்தை நிரப்பவேண்டும். அவ்வாண்டு, பேராசிரியையின் பெயர் நீக்கப்பட்ட அதே வாரத்தில், ஆறாம் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதனை இவ்வாறு திருத்திப் படிக்க வேண்டுகிறேன்: ‘மிளகு, இரு கைப்பிடி. நானும் உண்டேன்.’