விளக்கு வைத்ததும் படுக்கிற வீடு

எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது காய்ச்சல் மருந்து இல்லை, பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அந்த மருந்தைக் கலக்கிற வேலை என் மகனுக்கு. வெயில் ஏறினால் ஆபத்து என்பதால் கலவையை விடியும்போதே முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் தூக்குச்சட்டியோடு வந்து இறங்கும்போது கலவைக்காரனுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் அவன் கோழி கூவுமுன் எழுந்து, திருத்தங்கலில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்துப் போக வேண்டும்.

அவன் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி வீட்டில் நிறையப் பேசியிருக்கிறோம். எப்போது படுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பிற்பகலில் வீடு திரும்புவான். ஓட்டுக்குக் கீழே அனல் அடிக்கும், படுக்க முடியாது. சாயங்காலம் கூட்டாளிகளோடு பந்து விளையாட்டு, அப்புறம் டீக்கடை. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டர் ஆர்டர் வந்துவிட்டால் அவர் வர நேரமாகும். அவர் வந்த பிறகுதான் குடும்ப ஜெபம், ஜெபம் முடிந்துதான் சாப்பாடு. எல்லாம் முடிந்து என் மகன் பாய் விரிக்கும்போது தெருவே அடங்கியிருக்கும்.

பொழுது சாய்ந்து கொஞ்சம் காற்று வரும்போது சில நாள் அவன் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவான். நான் தோளைப் பிடித்து உலுக்குவேன். "விளக்கு வைக்கிற நேரத்துல என்னலே படுக்கை? எந்திரி." நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அந்த நேரத்தில் படுத்தால் ஸ்ரீதேவி போய் மூதேவி வருவாள் என்பதில் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் படுக்கக் கூடாது என்பதில் மட்டும் தெருவில் எல்லோரையும் போல எனக்கும் நம்பிக்கை இருந்தது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன். வெயில் ஏறும் முன்பே மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான், ஏறி மிதிக்கவில்லை. முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள் வெள்ளிபோல மின்னியது. கையைக்கூடக் கழுவாமல் அவன் வந்ததே இல்லை.

"என்னலே, என்ன ஆச்சு?"

"மருந்தைச் சலிச்சுக்கிட்டு இருந்தேம்மா. அப்புறம் பார்த்தா அண்ணாச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாக. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

அண்ணாச்சி இவனோடு கலவையில் நிற்கிற மூத்த ஆள்.

"சல்லடை?"

"அதுவும் அவுக கையிலதான் இருந்துச்சு."

நின்றபடியே தூங்கியிருக்கிறான். சல்லடை கைநழுவி விழுந்து ஒரு பொறி பறந்திருந்தால் அந்த அறையில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். போர்மேன் திட்டவில்லையாம். "கலவைக்காரன் கண்ணுல தூக்கம் இருக்கக் கூடாதுலே. போயித் தூங்கு. தூங்கினாத்தான் மறுபடி இங்கன வரணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சீசனில் ஒரு கையைக் குறைத்துக்கொண்டு ஒரு போர்மேன் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார் என்றால் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

சொல்லி முடித்துத் தண்ணீர் கேட்டான். நான் கொண்டு வருவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனான். நான் செம்பைக் கீழே வைக்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதும்போது என் எழுத்து வரியை விட்டு இறங்கியது. இன்றைக்கும் சில நாள் இறங்குகிறது.

அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். "இனிமே இந்த வீட்டுல விளக்கு வச்சதும் படுக்கை."

"அப்போ ஜெபம்?" என்றார் வீட்டுக்காரர்.

"பொழுது இருக்கும்போதே பண்ணிருவோம். உங்களுக்கு வேலை இருந்தா பிரஸ்ஸுலயே பண்ணிக்கோங்க."

"பிரஸ்ஸுலயா? அந்த மெஷின் சத்தத்துல ஆண்டவருக்கு என்ன கேக்கும்?"

"பாதித் தூக்கத்துல நீங்க முனகுறதே அவருக்குக் கேக்குதுல்ல?"

மகனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சம்மதம் வரவில்லை. "நான் என்ன கைப்பிள்ளையாம்மா, இருட்டினதும் படுக்க? கூட்டாளிக சிரிப்பானுக."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனும் சல்லடையைப் பிடிக்க வர மாட்டான்."

எங்கள் வாசலில் ஒரு பல்பு உண்டு. அந்த வெளிச்சத்தில் தெருப் பெண்கள் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஒட்டுவதைவிடப் பேச்சுத்தான் அதிகம் கேட்கும். மறுநாள் பல்பை அணைத்தேன். அடுத்த வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன டீச்சரம்மா, லைட்டை அமத்திட்டீக? உங்க கரண்டை நாங்க என்ன பசையில கலந்தா ஒட்டுறோம்?"

"மகன் தூங்குறான்."

"இந்நேரத்துக்கா? காய்ச்சலா?"

காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாளைக்குத்தான் காய்ச்சல் சொல்ல முடியும். எனக்குத் தினமும் வேண்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவள் பெட்டிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள். மறுநாள் முதல் தெருவின் அந்தக் கோடியில் அரிக்கேன் விளக்கு வைத்து உட்கார்ந்தார்கள். யாராவது உரக்கச் சிரித்தால் அவளுடைய குரல்தான் முதலில் கேட்கும்: "ஏய், மெல்லப் பேசுங்க. கலவைக்காரன் தூங்குறான்."

அம்புட்டும் செய்தும் அவன் கண் சிவப்புக் குறையவில்லை. நேரத்துக்குப் படுத்தான், ஆனால் தூங்கவில்லை. புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய், தூங்குவதற்கு மருந்து கேட்டேன்.

கம்பவுண்டருக்கு என் ஊர் தெரிந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "சிவகாசிப் பக்கத்துல இருந்துக்கிட்டு மருந்து கேட்டு இங்கன வந்திருக்கீகளே! அங்கனதான் மூடை மூடையாக் கிடக்கே!"

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டுவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரையின் மயக்கம் தெளியாமல் மருந்து கலக்கிற அறைக்குள் போவது தூங்காமல் போவதைவிட மோசம் என்றார். ஒரே நேரத்தில் படுக்க வேண்டும், ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே, சாயங்காலத்துக்குப் பிறகு டீ கூடாது என்றார். கடைசியில், "நீங்க எப்போ தூங்குறீங்க?" என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

என்னிடம் கடிகாரம் இருந்தது, ஆனால் அதன் மேல் நம்பிக்கை இல்லை. அவனை எழுப்பத் தவறிவிடுவேனோ என்று விழித்தே கிடந்தேன். அவன் தூங்கிவிட்டானா என்று அடிக்கடி கதவோரம் போய் நின்று பார்ப்பேன். அன்று வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மகனிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"டீயெல்லாம் இல்லம்மா. நீ வந்து நிக்கிறது கண்ணை மூடினாலும் தெரியுது. நான் தூங்குறேனான்னு நீ பார்க்க வர்ற. நீ வருவேன்னுதான் நான் முழிச்சிருக்கேன். முதல்ல நீ தூங்கு."

கோபம் வந்தது. அப்புறம் அவன் சொல்வது சரி என்று தெரிந்ததும் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, மணிச்சத்தம் தப்பாமல் கேட்க வேண்டும் என்று வெறும் பித்தளை அண்டாவுக்குள் வைத்தேன். ஜெபத்தை முடித்து விளக்கு வைத்தேன். அவன் படுப்பதற்கு முன்பே நான் என் பாயை விரித்துப் படுத்தேன்.

அன்று நான் தூங்கவில்லை. தூங்குகிறவள் மாதிரி கிடந்தேன், அவ்வளவுதான். எழுந்து போகக் கூடாது என்று பாயின் ஓரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் புரளும் சத்தம் நின்றது. பிறகு அவன் மூச்சு நீளமாக, ஒரே சீராக வர ஆரம்பித்தது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே சில நாளில் எனக்கும் உண்மையாகவே தூக்கம் பிடித்தது.

விடியும் முன் அண்டாவுக்குள் மணி அடித்தால் ஆலயமணி தோற்றுவிடும். "டீச்சரம்மா, உங்க மகன் எந்திரிக்கிறானோ இல்லையோ, எங்க வீட்டுச் சேவல் பதறி எந்திரிச்சிருது" என்று அடுத்த வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். சேவல் எழுந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மகனின் கண் சிவப்பு மாறி வெள்ளையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் கூட்டாளிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால், "பகல் ஆட்டத்துக்குப் போவோம்" என்கிறான். அவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

போன வாரம் மதுரையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பொழுது சாய்ந்ததும் நாங்கள் பாய் விரிப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "வீட்டுல யாருக்காவது உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்: "ஆகணும்னுதான் படுக்கோம். நீங்களும் படுங்க."

இன்னொரு சீசன் வந்துவிட்டது. நான் கண்ணை மூடினால் ஒரு சல்லடை கைநழுவி விழுகிறது. நான் பார்க்காத சல்லடை, விழாத சல்லடை. தினமும் விழுகிறது. எழுந்து உட்கார்ந்து விளக்கைத் தூண்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் உட்கார மாட்டேன். பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடுகிறேன். நான் மூடினால்தான் அவன் மூடுவான்.