நின்று கேட்காத நலம்

போன திங்கட்கிழமை கீழ்வீட்டுக்காரரோடு முதன்முதலாகப் பேசினேன். அதற்கு முன் பதினான்கு மாதம் நாங்கள் பரிமாறிக்கொண்டது இரண்டே சொற்கள். நான் 'குட்மார்னிங் சார்' என்பேன். அவரும் 'குட்மார்னிங்' என்பார். அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். மனைவிக்குத் திருநெல்வேலியில் டீச்சர் வேலை. அதை விட முடியாது. கீழே ஒரு ரிட்டயர்டு தம்பதி. அவர் பால்காரரிடம் அட்சரசுத்தமாக மலையாளம் பேசுவார். என் மலையாளமோ 'தெரியாது' என்கிற 'அறியில்லா'வோடு முடிந்துவிடும். ஆகவே எங்களுக்குள் ஆங்கிலம். அந்த அம்மாள் பேசவே மாட்டார். செம்பருத்தி பறித்தபடி ஒரு சிரிப்பு... அதோடு சரி.

இரண்டு மாதமாகக் கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. எங்காவது ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். சரியாகச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை.

இதற்கிடையே ஆபீசில் எங்களுக்கு இரண்டு நாள் ஆங்கிலப் பயிற்சி. கொச்சியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். மேலதிகாரிக்கு 'குட்மார்னிங் சார்'. சமமானவருக்கு 'ஹலோ'. நண்பனுக்கு மட்டும் 'ஹாய்'. நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த ஊரில் நான் 'ஹாய்' சொல்ல யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

"ஹவ் ஆர் யூ என்பது கேள்வியே அல்ல. பதிலுக்காக நிற்காதீர்கள்" என்றும் சொன்னார் அவர்.

திங்கட்கிழமை காலை ஹெல்மெட்டும் கையுமாக இறங்கினேன். கீழ்வீடு திறந்திருந்தது. வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். புதிதாகப் படித்ததைப் பிரயோகிக்க வேண்டாமா?

"ஹலோ சார், ஹவ் ஆர் யூ?"

சொல்லிவிட்டு நடந்தேன். ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அவ போயிட்டா சார்."

தமிழ்!

திரும்பினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வைத்தியத்துக்குன்னு பம்பாய்க்குப் பொண்ணாத்துக்கு அழைச்சுண்டு போனேன். அங்கேயே போயிட்டா. வீட்டைக் காலி பண்ண நேத்துதான் வந்தேன். எப்படி இருக்கேள்னு இங்கே கேட்டது நீங்க ஒத்தர்தான்."

நான் கேட்கவே இல்லையே! அதை எப்படி அவரிடம் சொல்வது?

ஸ்கூட்டரை மறுபடி ஸ்டாண்டில் போட்டேன். அன்று ஆபீசுக்கு லீவு.

உள்ளே அவரே காப்பி போட்டார். சர்க்கரை டப்பா எது என்று தெரியாமல் நாலைந்தைத் திறந்து பார்த்தார். பெயர் கிருஷ்ணமூர்த்தி. இதே ஊரில் கரமனை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"சார், நான் திருநெல்வேலி. நீங்க தமிழ்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும், கேட்டோ" என்றார் அவர், மலையாள வாடையோடு. "அவதான் கண்டுபிடிச்சா. கார்த்தால மாடியில தமிழ் நியூஸ் கேக்கறதே, நம்ம பாஷைக்காரர்தான், ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கோன்னு சொல்லிண்டே இருந்தா. நான்தான்... ஆபீசர் மாதிரி இங்கிலீஷ்லயே பேசறாரே, அவருக்கு அதுதான் இஷ்டமாக்கும்னு இருந்துட்டேன்."

பதினான்கு மாதம் ஓட்டல் சாம்பாரில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன் நான். பன்னிரண்டு படிகளுக்குக் கீழே எனக்கு இலை போட ஒருத்தி காத்திருந்திருக்கிறாள்.

மரியாதை என்று நாம் நினைப்பதில் பாதி, கிட்டே வராதே என்பதுதானோ?

அந்த வாரம் தினமும் சாயங்காலம் கீழே போனேன். பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். அவர் பேசினார். நான் பேசினேன். அந்த அம்மாளின் புடவைகளை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. அவரே மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

சனிக்கிழமை மகள் வந்து அழைத்துப் போனாள். தம்பானூர் ஸ்டேஷன்வரை நானும் போனேன். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆத்துக்காரியை எப்படியாவது இங்கே அழைச்சுண்டு வந்துடுங்கோ. தனியா இருக்காதீங்கோ."

"சரி சார்" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.

அந்த அம்மாளின் பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டேன் என்பது, வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உறைத்தது.