நாலு துண்டு கொய்யாப்பழம்

பின்னக் கணக்கைப் பொருளை வைத்தே நடத்த வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குச் செய்துகாட்ட, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நிமிஷத்துக்கொரு தரம் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொள்வார். காந்தி மார்க்கெட் கொய்யாப்பழம் ஒன்றை நாலாக நறுக்கி, "எல்லாம் சமமா இருந்தாத்தான் கால்" என்றார்.

மூன்று பிள்ளைகளுக்குக் கையில் வைத்தார். சேரியிலிருந்து வரும் பெண்ணுக்கு மட்டும், விரல் பட்டுவிடாமல் ஒரு முழம் மேலேயிருந்து போட்டார். துண்டு மண்ணில் விழுந்தது.

அதையும் பாடமாக்கினார் அந்த மகானுபாவர்.

"ஒண்ணுல கால் போச்சு. மீதி எவ்வளவு, சொல்லு?"

"யாருக்கு சார்?" என்றாள் அவள்.

"தப்பு" என்று சொல்லி, போர்டில் முக்கால் என்று எழுதினார். இந்த ஆளுக்குக் கணக்கு வரும் என்று நம்பித்தான் சர்க்கார் சம்பளம் கொடுத்தது.